ஒன்று முதல் ஐந்து வரை

கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வந்தவரை உட்காரவைத்துக் கோப்பி கலக்காத வீடு புக்கிட் மேராவில் உண்டா? கொண்டுவந்து வைப்பார்கள். அது பாட்டுக்கு ஆறி, மேலே ஆடை படரும். முப்பத்திரண்டாவது கேள்வியும் முடிந்து, பேனாவை மூடிப் பைக்குள் போட்ட பிறகு, அந்த ஆறின கோப்பியை எடுத்து அடிவரை குடித்துவிட்டு எழுவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"முதல்லயே குடிச்சுட்டா அவங்க நம்மள உபசரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் பதில்லயும் உபசாரம்தான் வரும்," என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எம்.ஆர்.டி. ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை சிங்கப்பூரில் இரக்கத்தை அளந்துகொண்டிருந்தார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று வீடு வீடாகப் போய், அடுத்தவர் துன்பம் யாரை எவ்வளவு தொடுகிறது, அந்த இரக்கம் சொந்தபந்தத்தோடு நின்றுவிடுகிறதா, வேற்று இனத்தாரையும் எட்டுகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். பதிலெல்லாம் எண்ணில். 'இல்லவே இல்லை' என்றால் ஒன்று. 'மிகவும் உண்டு' என்றால் ஐந்து. தமிழ்ப் படிவங்களுக்கான அலுவலகம் டன்லப் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வெளியே போய்க் கேட்க நான்கு பேர், எல்லாரும் பெண்கள். அவர்களில் மூத்தவர்தான் அந்த ஆறின கோப்பிக்காரர். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவர்கள் கொண்டுவரும் படிவங்களிலிருந்து எண்களை எடுத்துக் கட்டம் போட்ட தாளில் ஏற்றுவது என் வேலை.

அந்த வேலைக்கு நான் போனதற்குக் காரணம், அதில் பேச வேண்டியதில்லை என்பதுதான். ஏழு மாதத்துக்கு முன்னால், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில், கிரேனிலிருந்து நழுவிய இரும்புத் தகடு விழுந்து என் கணவர் இறந்திருந்தார். நான் அழவில்லை. அதில் பெருமை ஒன்றும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழாதவளைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள்.

இதில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கிரேன் ஓட்டியவர் புக்கிட் பாத்தோக்கில் குடியிருந்த ஒரு சீனர். தப்பு பாதி அவருடையது, பாதி கீழே நின்று கைகாட்டியவருடையது என்று விசாரணையில் முடிவானது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இறந்தவரின் மனைவி கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கத்திலிருந்து ஒரு தமிழர் என் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"நாலு வரி போதும் தங்கச்சி. அந்த ஆளும் பிள்ளைகுட்டிக்காரன் லா. உங்களுக்கு இரக்கம் இல்லாமலா போயிடும்?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அந்த ஆளை நினைத்தால் எனக்கு வெறுப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. இல்லாத ஒன்றை எப்படி எழுதிக் கொடுப்பது? சங்கத்துக்காரர் இரண்டாவது முறையும் வந்து போனார். அலுவலகத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்து, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வேலைக்குப் போய்விடுவார், அன்றைக்குத்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கல்யாணமே ஆகவில்லை என்று ஒருத்தி சொன்னாள். ஆகி விட்டுவிட்டு வந்தவர் என்று இன்னொருத்தி சொன்னாள். அவரிடமே கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நாள் முழுக்க 'நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் என்பது மட்டும் தெரியும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். நேரம் பார்ப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடாதாம். சோபாவில் உட்கார மாட்டார், ஸ்டூல் கேட்டு வாங்குவார். கேள்வியை அச்சில் இருக்கிறது இருக்கிறபடி படிப்பார், ஓர் எழுத்து கூடாது, குறையாது. படித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். மற்ற மூன்று பேரும் "அதாவது, என்ன கேக்குறாங்கன்னா" என்று எடுத்துக் கொடுப்பார்கள். இவர் கொடுக்க மாட்டார்.

"கேட்டாச்சு. இனி அவங்க வேலை," என்பார்.

மற்றவர்கள் அரைமணியில் முடிக்கிற படிவத்துக்கு இவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

ஒருமுறை எங்களில் ஒருத்தி தீபாவளிக்கு எடுத்த புடவையைப் பிரித்துக் காட்டி, "நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள். அக்கா புடவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நெஜமாவே கேக்குறியா, இல்ல நல்லாருக்குன்னு சொல்லணுமா?" என்றார். அவள் புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதன்பிறகு அவரிடம் யாரும் புடவை காட்டியதில்லை.

தனியாக இருக்கும் ஆண் வீட்டுக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று விதி. ஒருநாள் வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி புளோக், ஓர் அறை வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்றவர். பதினான்காவது கேள்வி வந்தது. 'கடந்த ஓராண்டில், துன்பத்தில் இருந்த ஒருவருக்கு நீங்கள் ஆறுதல் வார்த்தை சொன்னது உண்டா?'

"எனக்கே யாரும்..." என்று அந்த மனிதர் ஆரம்பித்தார். ஒரே மகன், இந்த ஊரில்தான் இருக்கிறான், வருவதில்லை என்பதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் அக்காவைப் பார்த்தேன். பேனா காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. கையைத் தொடவில்லை, அழாதீர்கள் என்று சொல்லவில்லை. நாலு நிமிடம் இருக்கும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், அதே குரலில், அதே கேள்வியை முதலிலிருந்து படித்தார்.

"இல்லம்மா. அப்படியெல்லாம் யாருக்கும் சொன்னதில்ல. ஒண்ணு போட்டுக்குங்க."

ஒன்றைச் சுற்றி வட்டமிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏழு மாதத்தில் எனக்கு வந்த முதல் ஆத்திரம் அதுதான் என்று நினைக்கிறேன். படியிறங்கும்போது கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன வார்த்தை?"

நின்றுவிட்டேன். என் வீட்டுச் சாவில் வாய் திறந்து ஆறுதல் சொன்னவர்கள் பட்டறையிலிருந்து வந்த அதிகாரிகள் மட்டும்தான். அவர்கள் சொன்னதில் ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அக்கா இரண்டு படி கீழே நின்று, நான் பதில் சொல்லக் காத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கேள்விதான். நான் இறங்கினேன்.

மறுநாள் அந்தப் படிவம் என் மேசைக்கு வந்தது. பதினான்காவது கேள்விக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்தில் இருந்தது: 'துணி காயும் கொடிக்கம்பில் இரண்டு அளவில் சட்டைகள். சின்னவை அடுத்த வீட்டுச் சீனருடையவை. அவருக்குக் கை விளங்காது.' நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். கொடிக்கம்பைப் பார்க்கவில்லை. கோப்பி குடித்த நேரத்தில் அக்கா அதைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

அவருடைய எல்லாப் படிவங்களுக்கும் இப்படி ஓர் ஓரம் உண்டு. லிஃப்ட் வருவதற்குள் சுவரில் வைத்து எழுதிவிடுவார். தான் நினைத்தது ஒன்றும் இருக்காது, பார்த்தது மட்டும். 'இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மேசையில் மலாய்க்கார வீட்டு அடுக்குச்சட்டி, இன்னும் சூடாக.' 'பேசும்போது கணவர் பெயரைச் சொல்லவில்லை. போட்டிருப்பது கணவருடைய சட்டை.' என் கட்டத்தாளில் இவற்றுக்கு இடம் இல்லை. படிவங்களை நகல் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், பென்சில் கிறுக்கல் எதுவும் இருக்கக்கூடாது என்று எங்கள் அலுவலக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அதனால் படித்துவிட்டு அழிப்பேன். தினமும் அழித்தேன். வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை.

பதினான்காவது கேள்வியில் தமிழர்களின் எண்கள் பரிதாபமாக இருந்தன. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நம்மவர்கள் சாவு வீட்டுக்குப் போனால் ஆறுதல் வார்த்தை பேசுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், கூடச் சேர்ந்து அழுவார்கள், சோறாக்கிக் கொண்டுவந்து கட்டாயப்படுத்தி ஊட்டுவார்கள், கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போவார்கள். வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டால், இல்லை என்றுதானே சொல்வார்கள்? மேற்பார்வையாளரும் தமிழர். அவருக்கு இது தாங்கவில்லை.

"அக்கா, பேராசிரியை என்கிட்ட காரணம் கேக்குறாங்க. கொஞ்சம் விளக்கிக் கேளுங்க லா. சாப்பாடு கொண்டுபோனதும் ஆறுதல்தான்னு எடுத்துக் குடுங்க. மூணு இனத்துல நாமதான் மனசே இல்லாதவங்கன்னு ஆயிடும் போல. மானம் போகுது."

"கேள்வில சாப்பாடு இல்ல சார்."

"அதுக்காக ஒண்ணு ஒண்ணாப் போட்டுட்டு வருவீங்களா?"

"அவங்க சொன்னது ஒண்ணு."

"நீங்க பாத்தது?"

"அது ஓரத்துல இருக்கு. நீங்கதான் அழிக்கச் சொல்றீங்க."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் அழிப்பானைப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து மற்ற மூன்று பேரின் படிவங்களில் நாலும் ஐந்தும் வர ஆரம்பித்தன. அக்காவுடையதில் மட்டும் பழைய ஒன்று. அவர் நேர்மையானவரா, கல்நெஞ்சுக்காரரா என்று எனக்கு விளங்கவில்லை. இவர் வளைந்து கொடுக்காததால், அடுத்த வீட்டுக்காரருக்குத் துணி துவைத்துப் போடுகிற அந்த மனிதர் காகிதத்தில் இரக்கமற்றவராக நிற்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவை ஏனோ பிடித்திருந்தது.

மாதக் கடைசி நெருங்கியது. பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று நானாகத்தான் ஆரம்பித்தேன். அந்தக் கிரேன்காரர் சாவு வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு கம்பளிப் போர்வை. புதுசு. அதன் மேல் சீன எழுத்து எழுதிய ஒரு தாளை ஊசியால் குத்தியிருந்தார். என் கொழுந்தன் அதைப் பார்த்துக் கொதித்துப்போனான். "ஆளக் கொன்னுட்டு, பொத்திப் படுக்கப் போர்வை கொண்டாந்திருக்கான் பாரு" என்று பிடுங்கி வாசலில் எறிந்தான். அந்த மனிதர் குனிந்து அதை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார். இதைச் சொல்லி முடித்தேன்.

அக்கா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "அது அவங்க வழக்கம். நான் வளர்ந்த கம்பத்துல, அந்தச் சின்ன ஊர்ல, சுத்திலும் சீனவங்கதான். சாவு வீட்டுக்குப் போர்வைதான் கொண்டுபோவாங்க. பேர் எழுதி வரிசையாத் தொங்கவிடுவாங்க. நெறையத் தொங்கினா செத்தவருக்கு மரியாதை," என்றார்.

அவ்வளவுதான். ஆகவே கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அடுத்து சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் முடியாது என்று சொல்லத் தயாராகக்கூட இருந்தேன். அவர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தோம்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, கேட்கப் போக வேண்டிய வீடுகளின் புதுப் பட்டியலில் என் வீட்டு எண் விழுந்தது. "இங்கயே உக்காந்து நிரப்பிக் குடுத்துடுங்க" என்றார் மேற்பார்வையாளர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, குடையும் பையுமாக வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். முன்பின் தெரியாதவர் மாதிரி வணக்கம் சொல்லி, ஆய்வு எதற்காக என்ற பத்தியை முதல் வரியிலிருந்து படித்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூல் போட்டேன், கோப்பி கலந்து வைத்தேன்.

இருபத்தேழாவது கேள்வியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 'உங்களுக்குப் பெருந்தீங்கு செய்த ஒருவர், வேற்று இனத்தவர், துன்பத்தில் இருக்கிறார். அவர்மேல் உங்களுக்கு எவ்வளவு இரக்கம் வரும்?' அநேகமாக எல்லாரும் மூன்று சொல்வார்கள், நாலு சொல்வார்கள். ஒன்று சொல்ல வெட்கப்படுவார்கள்.

படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய அந்த மௌனத்தை அதுவரை நான் பக்கத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். எதிரில் உட்கார்ந்தால் வேறு மாதிரி இருந்தது. கொழுந்தன் நான் அந்த ஆளை வெறுக்க வேண்டும் என்றான். சங்கத்துக்காரர் நான் இரங்க வேண்டும் என்றார். மாமியார் நான் அழ வேண்டும் என்றார். இவருக்கு என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. அந்த மனிதர் குனிந்து போர்வையை எடுத்ததை நினைத்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசைகிறதா என்று உண்மையாகவே தேடினேன்.

"ஒண்ணு," என்றேன்.

வட்டமிட்டார். முகம் மாறவில்லை. இருபத்தெட்டாவது கேள்விக்குப் போனார்.

அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஏழு மாதத்தில் நான் சொன்ன ஒரு பதிலை யாரும் திருத்தாமல் வாங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

படிவத்தின் அடியில் அச்சிட்ட ஒரு வரி உண்டு: 'உங்கள் நேரத்துக்கு நன்றி, போய் வருகிறேன்.' அதை அவர் எந்த வீட்டிலும் விட்டதில்லை. என் வீட்டில் படிக்கவில்லை. ஆறின கோப்பியைக் குடித்தார், குடையை எடுத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போவதுபோலப் போனார். கதவைச் சாத்தும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

மறுநாள் காலை என் படிவம் என் மேசைக்கே வந்தது. ஓரத்தில் எழுதியிருந்தது: 'கதவோரம் ஆண் சப்பாத்து ஒரு ஜோடி. தூசி இல்லை.'

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் கறுப்புச் சப்பாத்து அது. அங்கேயே கிடக்கிறது என்பது தெரியும். அதைத் துடைப்பது யார்? வீட்டில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஆனால் துடைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எந்தத் துணியால் துடைத்திருப்பேன் என்று யோசித்தேன். மஞ்சள் துணி. துடைத்துவிட்டு அதை வலது சப்பாத்துக்குள்ளேயே மடித்து வைப்பேன். அது ஞாபகம் வந்தது.

அப்போது நான் அழுதிருந்தால் கேட்பதற்கு நன்றாக இருந்திருக்கும். அழவில்லை. அழிப்பானை எடுத்து அந்த வரியையும் அழித்தேன். மற்றவர்களுடையதை எல்லாம் அழித்துவிட்டு என்னுடையதை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தக் கடிதத்தை எழுதினேன். சங்கத்துக்காரர் கேட்ட நாலு வரிகூட இல்லை, இரண்டு. அவர்மேல் எனக்குக் குறை இல்லை என்று எழுதவில்லை, அது பொய். மன்னித்துவிட்டேன் என்றும் எழுதவில்லை. இவர் திரும்பவும் கிரேன் ஓட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'ஒன்று' என்று நான் சொன்னதை ஒருவர் ஒன்றாகவே எழுதிக்கொண்டார், அதற்குப் பிறகு கை ஓடியது. அந்தக் கிரேன்காரர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் என்னைப் பார்க்க வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அன்றைய வெற்றுப் படிவங்களை எடுத்துப்போக வந்தார்.

"அக்கா, அந்தக் கடுதாசிய எழுதிட்டேன்," என்றேன்.

தலையாட்டினார். படிவங்களை எண்ணிப் பைக்குள் வைத்தார்.

"அப்ப ஃபார்ம்ல இருபத்தேழுல மாத்தணுமா? ஒண்ணுன்னு சொன்னேனே."

பையை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப கேட்டா என்ன சொல்வீங்க?"

கேட்டுவிட்டு நின்றார். அவசரமில்லாமல் எனக்குள் தேடிப் பார்த்தேன். அந்த மனிதரை நினைத்தேன், அவருடைய பிள்ளைகளை நினைத்தேன், என் கையெழுத்தோடு ஒட்டிவைத்த உறையைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணுதான்," என்றார்.

கட்டத்தில் ஒன்று என்று எழுதிவிட்டு, அடுத்த படிவத்தை எடுத்தேன்.